ஏஎன்ஏ 1:80 பொசிட்டிவ் என்று வந்தால் ஈரலைப் பற்றி என்ன தெரிகிறது?

வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எஸ்ஜிபிடி (ஈரல் கலம் சிதையும்போது குருதியில் உயரும் நொதியம்) மூன்று மாதமாக 150க்கும் 400க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. ஹெப்பற்றைற்றிஸ் பி, சி இரண்டும் இல்லை. ஸ்கானில் கொஞ்சம் கொழுப்பு. ஏஎன்ஏ (கலக் கருவுக்கு எதிரான பிறபொருளெதிரி) 1:80 பொசிட்டிவ், அதாவது சீரத்தை 80 மடங்கு ஐதாக்கியும் தெரிகிறது. இப்படி ஒரு றிப்போட்டை வைத்துக்கொண்டு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட்டைத் தொடங்குவதா, ஈரல் பயொப்ஸிக்கு அனுப்புவதா, பொறுத்திருப்பதா? வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்த ஆதார வைத்தியசாலையிலும் இந்தக் கேள்வி வரும்.

சந்தேகிப்பது சுயநிர்ப்பீடன ஈரல் அழற்சியை, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் நோயை. அதைத் தீர்மானிக்கக் கையில் இருப்பது 2008இல் வந்த எளிமையாக்கிய புள்ளித்திட்டம். ஏஎன்ஏ அல்லது எஸ்எம்ஏ (மழமழப்பான தசைக்கு எதிரானது) 1:40 என்றால் 1 புள்ளி, 1:80 அல்லது அதற்கு மேல் 2. எல்கேஎம் (ஈரல், சிறுநீரகக் கலங்களுக்கு எதிரானது) 1:40 அல்லது எஸ்எல்ஏ (ஈரலின் கரையும் புரதத்துக்கு எதிரானது) பொசிட்டிவ் என்றாலும் 2. பிறபொருளெதிரிகள் எத்தனை இருந்தாலும் மொத்தம் 2தான். ஐஜிஜி (குருதியில் அதிகமாக இருக்கும் பிறபொருளெதிரி வகை) வழமையின் மேலெல்லையைத் தாண்டினால் 1, மேலெல்லையின் 1.1 மடங்கைத் தாண்டினால் 2. பயொப்ஸி ஒத்துப்போனால் 1, அசலான தோற்றம் என்றால் 2. வைரஸ் இல்லையென்றால் 2. கூட்டி 6 வந்தால் இருக்கலாம், 7 வந்தால் நிச்சயம்.

இந்த நோய்க்கு இதைவிட நல்ல குருதிக் குறிகாட்டியைத் தேட கிழக்கில் ஒரு சிறிய ஆய்வு செய்வதென்றால் எதை அளப்பது? அதற்கு முன் இருக்கிற சோதனைகளில் எதைத் திருத்த வேண்டும்? ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் ஒளிக்காமல் எழுதுங்கள்.

நீர்ப்பாயம்

சேர், முதலில் அந்த 1:80 எதில் பார்த்த 1:80 என்று கேட்க வேண்டும். 2008 திட்டத்தின் எண்கள் எலியின் ஈரல், சிறுநீரகம், இரைப்பை மூன்றையும் ஒரே சிலைட்டில் வைத்துப் பார்க்கும் ஒளிர்வு முறையை ஒட்டி வந்தவை. இங்கே வருகிற றிப்போட்டுகளில் பெரும்பாலானவை ஆய்வுகூடத்தில் வளர்க்கும் ஹெப்-2 என்ற மனிதக் கலங்களில் பார்த்தவை. ஹெப்-2 கலத்தின் கரு பெரியது, மிகச் சிறிய அளவு ஏஎன்ஏயும் அதில் தெரியும். 1997இல் பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் சேர்ந்து பார்த்தபோது சுகதேகிகளிலேயே 1:40இல் 31.7 சதவீதம், 1:80இல் 13.3 சதவீதம், 1:160இல் 5 சதவீதம் பொசிட்டிவ். எலி இழையத்துக்குச் சொன்ன 1:80ஐ ஹெப்-2 றிப்போட்டில் வைத்து 2 புள்ளி போடுவது பிழை.

1:100இல் தொடங்கி 1:320க்குத் தாவுகிற கிட்டுகளும் உண்டு. அந்த றிப்போட்டில் 1:40, 1:80 என்ற படிகளே இருக்காது.

ஏஎன்ஏயை ஈலைசாவில் (குழியில் பூசிய புரதத்தில் பிறபொருளெதிரி ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்கிற இடங்களில் இன்னொரு வில்லங்கம். அந்தக் கிட்டின் குழியில் பூசியிருப்பது பெரும்பாலும் ரோ, லா, எஸ்எம், ஆர்என்பி போன்ற, லூபஸ், ஷோகிரன் என்ற வேறு சுயநிர்ப்பீடன நோய்களுக்கு உரியவை. ஈரல் நோயாளியின் ஏஎன்ஏ அவற்றில் எதையும் பிடிக்காமல் நெகற்றிவ் என்று வரலாம். ஆகவே றிப்போட்டில் மூன்று விடயம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்: எந்த இழையம் அல்லது கலம், இறுதி ஐதாக்கம் எவ்வளவு, ஒளிர்வின் வடிவம் என்ன.

கல்லடிப் பாலம்

நீர்ப்பாயம் சொல்வது சரி. ஆனால் எலி இழையம்தான் தீர்வு என்று நின்றுவிடவும் முடியாது. அதை வாசிக்கப் பழகிய கண் வேண்டும். அந்தக் கண் நாட்டில் சில இடங்களில்தான் இருக்கிறது, மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எஃப்-அக்டின் (எஸ்எம்ஏயின் முக்கிய இலக்கு), எல்கேஎம்-1, எல்சி-1 (ஈரல் கலத்தின் உட்புரதத்துக்கு எதிரானது), எஸ்எல்ஏ நான்கையும் ஈலைசாவிலோ பட்டிச் சோதனையிலோ செய்யலாம். எஸ்எல்ஏயை ஒளிர்வில் பார்க்கவே முடியாது, அதற்கு வேறு வழியே இல்லை. எஸ்எல்ஏ இருப்பது ஐந்தில் ஒரு நோயாளியில் என்றாலும், இருந்தால் அநேகமாக அது இந்த நோய்தான். அத்தனை தனித்துவம் ஏஎன்ஏக்கு இல்லை.

நீர்ப்பாயம்

அக்கா, எஸ்எல்ஏ விடயத்தில் மறுப்பே இல்லை. எஃப்-அக்டினில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். கிட் கொடுக்கும் வெட்டெல்லைக்கு (பொசிட்டிவ் தொடங்கும் அளவு) சற்று மேலே நிற்கிற பெறுமானங்கள் கொழுப்பு ஈரலிலும் வைரஸ் தொற்றிலும் நிறைய வரும். எலிச் சிறுநீரகத்தில் எஸ்எம்ஏயைப் பார்த்தால் கிடைக்கிற தகவல் வேறு. குருதிக்கலனின் சுவர் மட்டும் ஒளிர்ந்தால் அதற்கு அவ்வளவு பெறுமதி இல்லை, எந்தத் தொற்றுக்குப் பிறகும் வரும். அதோடு கலன்கோளமும் ஒளிர்ந்தால், அதற்கு மேல் சிறுகுழாய்களைச் சுற்றி மெல்லிய நார் நாராகவும் தெரிந்தால் சுயநிர்ப்பீடன ஈரல் அழற்சியை உண்மையிலேயே நினைக்க வேண்டும். ஈலைசாவின் ஒற்றை இலக்கம் இதைச் சொல்லாது.

மற்றது எல்கேஎம், ஏஎம்ஏ (பித்தக்கான் நோய் ஒன்றின் அடையாளமான பிறபொருளெதிரி) குழப்பம். இரண்டும் சிறுநீரகக் குழாய்களை ஒளிர வைக்கும். அவசரத்தில் வாசித்தால் மாறிவிடும், மாறினால் நோயின் பெயரே மாறிவிடும். பார்க்க வேண்டியது இரைப்பைத் துண்டை. ஏஎம்ஏ என்றால் இரைப்பைச் சுவரின் அமிலம் சுரக்கும் கலங்கள் மணி மணியாகப் பளிச்சிடும், சிறுநீரகத்தில் சிறிய சேய்மைக் குழாய்கள்தான் அதிகம் ஒளிரும். எல்கேஎம்-1 என்றால் இரைப்பை இருட்டு, ஈரல் கலங்கள் சீராகப் பச்சை, சிறுநீரகத்தில் பெரிய அண்மைக் குழாய்கள். இரைப்பைத் துண்டு இல்லாத சிலைட்டை மலிவு என்று வாங்க வேண்டாம்.

சின்ன முகத்துவாரம்

குழந்தைகள் விடுதிக்கு வேறு எண்கள். பிள்ளைகளில் ஏஎன்ஏ, எஸ்எம்ஏ 1:20 போதும், எல்கேஎம்-1 1:10 போதும். 1:40க்குக் கீழே நெகற்றிவ் என்று அச்சடித்து அனுப்பும் ஆய்வுகூடம் இரண்டாம் வகை நோயுள்ள (எல்கேஎம்-1 வரும்) பிள்ளையைத் தவறவிடும். படிவத்தில் வயதைப் பெரிதாக எழுதுங்கள்.

கண்டிப்பாக விலக்க வேண்டியது வில்சன் நோய் (உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோய்). ஏஎன்ஏ அதிலும் வரும், ஐஜிஜியும் கூடலாம். அதில் குறைய வேண்டிய செருலோபிளாஸ்மின் அழற்சி நேரத்தில் உயர்கிற புரதம் என்பதால் ஈரல் கொதித்துக்கொண்டிருக்கும்போது வழமையான அளவில் நிற்கலாம். அந்த ஒரு இலக்கத்தைக் கண்டு நிம்மதியடையாமல் 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண் பிரிவில் ஸ்லிட் விளக்கில் கருவிழி வளையம் இரண்டையும் பாருங்கள். பித்தக்கான் நோய் இருக்கிறதா என்பதற்குப் பிள்ளைகளில் ஏஎல்பி என்ற நொதியம் உதவாது, வளரும் எலும்பே அதை உயர்த்தும். எலும்பிலிருந்து வராத ஜிஜிடி நொதியத்தைக் கேளுங்கள்.

வாவிக்கரை

ஐஜிஜிக்கு வருவோம். ஐஜிஜி வழமை என்றால் நோயை விலக்கலாம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

கல்லடிப் பாலம்

விலக்க முடியாது டொக்டர். திடீரெனச் செங்கமாரியோடு வருகிறவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் ஐஜிஜி வழமையாகவே இருக்கும். அவர்களில் ஏஎன்ஏகூட முதல் கிழமைகளில் இல்லாமல் இருந்து பிறகு வரலாம். நீண்ட நாள் நோயில்தான் ஐஜிஜி நம்பத் தகுந்தது.

மறுபக்கமும் உண்டு. மேலெல்லை 16 கிராம்/லீற்றர் என்று கிட்டின் தாளில் இருக்கும், அது வேறு நாட்டவரின் குருதியில் எடுத்த எண். தொற்றுகள் அடிக்கடி வந்துபோகும் வெப்ப நாடுகளில் சுகதேகியின் ஐஜிஜியே உயரமாக நிற்கலாம். 1.1 மடங்கு என்றால் 17.6. அந்த 1.6 கிராம் இடைவெளியில் ஒரு புள்ளி தங்கியிருக்கிறது. நம் மக்களின் மேலெல்லை தெரியாமல் அந்தப் புள்ளியைப் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு போடுவதுதான். புதிய குறிகாட்டி தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது: சுகதேகிகள் 120 பேரிடம் குருதி எடுத்து 2.5ஆம், 97.5ஆம் சதமானங்களைக் காண்பது. ஆண், பெண் தனித்தனியாக வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் 120. குருதிக் கொடையாளரை மட்டும் எடுத்தால் இளம் ஆண்களே நிறைந்துவிடுவார்கள், கவனம்.

நீர்ப்பாயம்

ஐஜிஜியில் இயந்திரப் பிழையும் சேர்த்து எழுதுகிறேன். கலங்கல் அளக்கும் முறையில் ஐஜிஜி மிக அதிகமாக இருந்தால் கலங்கல் குறைந்து பெறுமானம் பொய்யாகத் தாழ்ந்து வரலாம். மொத்தப் புரதத்திலிருந்து அல்பியூமினைக் கழித்துப் பாருங்கள். குளோபியூலின் 50 கிராம் என்று வருகிறது, ஐஜிஜி 14 என்று வருகிறது என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஐதாக்கி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். சாப்பிட்டு வந்தவரின் கொழுப்பேறிய பால் நிறச் சீரமும் இந்த முறையைக் குழப்பும்.

தில்லையாறு (மருந்தாளர்)

இவ்வளவும் எழுதியிருக்கிறீர்கள், மருந்துப் பட்டியலை ஒருவரும் தொடவில்லையே. ஏஎன்ஏயும் ஐஜிஜியும் பயொப்ஸியும் சேர்ந்து ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு: மருந்தால் வரும், அச்சு அசலாக இந்த நோய் போலவே இருக்கும் ஈரல் அழற்சி. நைற்றோஃபுரன்ரொயின், மினோசைக்கிளின், மெத்தில்டோபா, ஹைட்ரலசீன் நான்கும் இதற்குப் பேர்போனவை. மெத்தில்டோபா கர்ப்பகால அழுத்தத்துக்குத் தாராளமாகக் கொடுக்கப்படுவது. பிள்ளை பெற்று ஒன்றிரண்டு மாதத்தில் எஸ்ஜிபிடி உயர்ந்து வரும் தாய்க்கு, அந்தக் குளிசை எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் நின்றது என்று கிளினிக் கொப்பியைப் பார்த்து எழுதுங்கள். பேறுக்குப் பிறகு உண்மையான சுயநிர்ப்பீடன நோயும் தலைதூக்கும் என்பதால் திகதி இல்லாமல் பிரிக்கவே முடியாது.

சீந்தில் கொடியைக் கட்டாயம் கேளுங்கள். கொவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று அவித்துக் குடித்தவர்களில் ஈரல் அழற்சி வந்ததை 2021இல் மும்பையிலிருந்து எழுதினார்கள், பிறகு இந்தியாவின் பல நிலையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளை விவரித்தன. பலரில் சுயநிர்ப்பீடன அடையாளங்கள் இருந்தன. "மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கஷாயமும் பச்சிலையும் நம் சனத்துக்கு மருந்துக் கணக்கில் வராது. "காய்ச்சல் தடிமனுக்கு என்ன அவிச்சுக் குடிச்ச நீங்க? சீனிக்கு என்ன இலை சாப்பிடுற நீங்க?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பவர் நோயாளியின் தாயையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பதில் இன்னும் முழுமையாக வரும்.

வாவிக்கரை

நன்றி தம்பி. இதோடு பருவத்தையும் சேர்க்கிறேன். வடகீழ்ப் பருவ மழையோடு டெங்கு கூடும்போது ஈரல் நொதியங்கள் உயரும், எஸ்ஜிஓடி என்ற மற்ற நொதியம் எஸ்ஜிபிடியை மிஞ்சி நிற்கும். வயல் வேலை செய்பவரில் செங்கமாரி ஆழமாக இருந்து, எஸ்ஜிபிடி பெரிதாக உயராமல், கிரியேற்றினின் (சிறுநீரகம் பழுதானால் உயர்வது) ஏறினால் எலிக்காய்ச்சலை முதலில் நினைக்க வேண்டும். காய்ச்சல் விட்டு ஆறு கிழமைக்குப் பிறகு நொதியங்களை மீண்டும் பார்க்காமல் ஏஎன்ஏ கேட்பதில் பயனில்லை.

சரி, புதியவை? எதை அளக்கலாம்?

கல்லடிப் பாலம்

புதிது என்று வருபவற்றை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஃபெரிற்றின், கரையக்கூடிய சிடி163, மைக்ரோஆர்என்ஏ-122 போன்றவை ஈரல் எரிகிறது என்று சொல்கின்றன. யார் கொளுத்தியது என்று சொல்வதில்லை. மைக்ரோஆர்என்ஏ-122 ஈரல் கலம் எதனால் செத்தாலும் உயரும், பரசிற்றமோல் அதிகமாகக் குடித்தவரிலும் உயரும். சிகிச்சையின்போது நோய் அடங்குகிறதா என்று பார்க்க இவை உதவலாம். நோயின் பெயரைச் சொல்ல உதவாது.

பெயரைச் சொல்லக்கூடியதாக எனக்கு நம்பிக்கை தருவது பல்வினை ஐஜிஜி. ஜேர்மனியின் ஹனோவர் குழுவினர் 2022இல் வெளியிட்டது. இந்த நோயாளிகளின் ஐஜிஜி ஒரே ஒரு இலக்கை அல்லாமல் பல புரதங்களில் ஒட்டுகிறது. அதை ஒரு சாதாரண ஈலைசாத் தட்டில், மாட்டுச் சீர அல்பியூமினோடு ஹிப்1ஆர் என்ற மனிதப் புரதத்தைப் பூசி அளந்தார்கள். மற்ற ஈரல் நோய்களிலிருந்து பிரிப்பதில் அது ஏஎன்ஏயைவிடத் தனித்துவமாக நின்றது. வழமையான பிறபொருளெதிரிகள் இல்லாத நோயாளிகளிலும், ஐஜிஜி வழமையாக இருந்தவர்களிலும் பயன்பட்டது. ஒளிர்வு நுணுக்குக்காட்டியும் பழகிய கண்ணும் இல்லாத நம் பக்கத்துக்கு ஈலைசாத் தட்டு என்பது பெரிய விடயம்.

நீர்ப்பாயம்

அக்கா, அப்படியென்றால் மாதிரியைக் கையாள்வதில் இரட்டைக் கவனம் வேண்டும். எதிலும் ஒட்டுகிற ஐஜிஜியைத்தான் அளக்கப் போகிறோம். சீரத்தை உறைய வைத்து உருக்கி மீண்டும் உறைய வைத்தால் ஐஜிஜி ஒன்றோடொன்று திரண்டு, திரண்டது கண்டதிலெல்லாம் ஒட்டும். தொற்றுப் பயத்தில் 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கினாலும் அதே கதி, சுகதேகியின் சீரமே பொசிட்டிவ் ஆகலாம். சூடாக்கவே கூடாது.

எடுக்கும் முறை: சேர்க்கை ஏதும் இல்லாத குழாயில் 5 மில்லிலீற்றர். அறை வெப்பத்தில் 30 நிமிடம் உறைய விட்டு, எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் 1500 ஜியில் 10 நிமிடம் சுழற்ற வேண்டும். சீரம் 2 மில்லிலீற்றர் அளவில் தேறும், அதை 500 மைக்கிரோலீற்றராக நான்கு சிறு குழாய்களில் பிரியுங்கள். ஒரு சோதனைக்கு ஒரு குழாய், உருக்கியது திரும்ப உள்ளே போகக் கூடாது. பிரிக்காத குருதியை ஐஸ் கட்டியோடு நேரே முட்ட வைத்தால் சிவப்பணு உடைந்து எஸ்ஜிஓடி பொய்யாக ஏறும். பிரித்த சீரம் 2 முதல் 8 பாகையில் ஒரு கிழமை தாங்கும், கொழும்புக்கு இரவு ரயிலில் போக அது தாராளம். அதற்கு மேல் வைப்பதென்றால் மறை 80 பாகை. தானே பனி உருக்கும் வீட்டுக் குளிரூட்டி வேண்டாம். அது பனி கட்டாமலிருக்கத் தன்னைத் தானே சூடாக்கிக் குளிர்விக்கும், மூடிய கதவுக்குள்ளேயே மாதிரி உருகி உறையும்.

ஒளிர்வுச் சிலைட்டுக்கு நம் ஊர்க் காற்றே எதிரி. குளிரிலிருந்து எடுத்ததும் உறையைக் கிழித்தால் சிலைட்டில் வியர்வை மாதிரி நீர் படியும், இழையம் கழன்று போகும். உறையோடு 30 நிமிடம் மேசையில் வைத்த பிறகு திறங்கள். 1:40க்கு 10 மைக்கிரோலீற்றர் சீரத்தோடு 390 மைக்கிரோலீற்றர் பீபீஎஸ் (உப்புக் கரைசல்), பிறகு பாதிக்குப் பாதி. ஈரப் பெட்டிக்குள் 30 நிமிடம், கழுவல், ஐஜிஜிக்கு மட்டும் உரிய எஃப்ஐடிசி (பச்சையாக ஒளிரும் சாயம்) இணைப்பு 30 நிமிடம், மீண்டும் கழுவல். ஏசி அறையில் பெட்டியின் மூடி சரியாக மூடாவிட்டால் துளியின் ஓரம் காய்ந்து வளையமாக ஒளிரும், அதைப் பொசிட்டிவ் என்று வாசித்துவிடுவார்கள். ஐஜிஎம் என்ற மற்றப் பிறபொருளெதிரி வகையையும் பிடிக்கிற பொது இணைப்பை வாங்கினால் தொற்றுக்குப் பிந்திய பொய்ப் பொசிட்டிவ் கூடும்.

எண்ணும் எடையும் (புள்ளிவிவரம்)

குறிகாட்டி நல்லதா என்பது யாரிடம் சோதிக்கிறோம் என்பதில் தங்கியிருக்கிறது. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: விளங்காத எஸ்ஜிபிடி உயர்வோடு வரும் 100 பேரில் 20 பேருக்கு நோய். ஏஎன்ஏயின் உணர்திறன் (நோயுள்ளவர் 100 பேரில் பிடிபடுவோர்) 75, தனித்துவம் (நோயில்லாத 100 பேரில் நெகற்றிவ் வருவோர்) 85 என்றால் உண்மைப் பொசிட்டிவ் 15, பொய் 12. பொசிட்டிவ் என்று வந்தவரில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் நோயாளி. எஸ்எல்ஏக்கு உணர்திறன் 20, தனித்துவம் 99 என்றால் உண்மை 4, பொய் ஏறக்குறைய ஒன்று. ஆனால் 16 பேர் தப்பிப் போகிறார்கள். ஒன்றையொன்று ஈடுசெய்யாது, சேர்த்துத்தான் பாவிக்க வேண்டும். இதே ஏஎன்ஏயை எந்த நோயும் இல்லாத 10,000 பேருக்குச் செய்தால், 1:80 எல்லையில், முன்பு சொன்ன 13.3 சதவீதக் கணக்கில் 1,330 பொசிட்டிவ் வரும்.

ஆகவே ஒப்பீட்டுக் குழுவில் சுகதேகிகளை மட்டும் வைத்து வெற்றி என்று எழுதாதீர்கள். கொழுப்பு ஈரல், மருந்து ஈரல், வைரஸ், வில்சன், பித்தக்கான் நோய் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். வைத்தியர் விடுதியில் பிரிக்கக் கஷ்டப்படுவது அவர்களைத்தான்.

இரண்டாவது, வட்டத்துக்குள் சுற்றும் பிழை. நோயைத் தீர்மானிக்கும் புள்ளித்திட்டத்திலேயே ஏஎன்ஏயும் ஐஜிஜியும் உள்ளன. அந்தத் திட்டத்தை அளவுகோலாக வைத்து ஏஎன்ஏயின் திறமையை அளந்தால் அது தனக்குத் தானே சான்றிதழ் கொடுக்கும். அளவுகோலாகப் பயொப்ஸி, ஸ்டீரொயிட்டுக்குக் கிடைத்த பலன், குறைந்தது 12 மாதத் தொடர்பார்வை மூன்றையும் வையுங்கள். மருந்தால் வந்த நோயும் அந்தப் பன்னிரண்டு மாதத்தில்தான் வெளிக்கும். ஸ்டீரொயிட்டை நிறுத்திய பிறகும் திரும்பி வராவிட்டால் பெயரை மாற்றி எழுத வேண்டும்.

எண்ணிக்கை: 20 நோயாளிகளில் 19 பேர் பொசிட்டிவ் என்றால் 95 சதவீதம் என்று அச்சடிக்க ஆசை வரும். நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வீச்சு, 75இலிருந்து 99.9 வரை ஓடுகிறது. ஒப்பீட்டுக் குழுவில் 30 பேர், ஒருவரும் பொசிட்டிவ் இல்லை என்றாலும் பொய்ப் பொசிட்டிவ் 10 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. வெட்டெல்லையை ஒரு குழுவில் தெரிந்து அதே குழுவில் சோதிக்கவும் கூடாது. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டமும் சேர்ந்தாலே எண்ணிக்கை போதாது, யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் இப்போதே கேளுங்கள்.

வாவிக்கரை

அப்படியானால் இந்த ஆய்வை இரண்டு கட்டமாக எழுதுகிறேன். முதலாம் கட்டம் நம் மக்களின் ஐஜிஜி மேலெல்லை, அதே 120 பேரில் ஹெப்-2இல் ஏஎன்ஏயின் பரவல். இரண்டாம் கட்டம் எஸ்எல்ஏயும் பல்வினை ஐஜிஜியும், எண்ணும் எடையும் சொன்ன ஒப்பீட்டுக் குழுக்களோடு. நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும் வரை ஒரு குழாய்கூட எடுப்பதில்லை. வாசிப்பவருக்கு நோயாளியின் விபரம் தெரியாது, ஒவ்வொரு சிலைட்டையும் இருவர் தனித்தனியாக வாசிப்பார்கள். விடுதியில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ஸ்டீரொயிட் கொடுக்குமுன் குருதியை எடுங்கள். தொடங்கியபின் ஐஜிஜி இறங்கும், ஐதாக்கமும் இறங்கும், பிறகு எந்தக் குறிகாட்டியாலும் திரும்பிப் பார்க்க முடியாது.

நீர்ப்பாயம்

குழாயில் ஒட்டும் தாளில் இரண்டு கட்டம் சேருங்கள் சேர். ஒன்று குருதி எடுத்த நேரம், மற்றது பிரெட்னிசோலோனின் முதல் குளிசை கொடுத்த திகதியும் நேரமும். இரண்டாவது கட்டம் வெறுமையாக வந்தால் "கொடுக்கவில்லை" என்று எடுக்க மாட்டோம், விடுதிக்கு அழைத்துக் கேட்போம். பேனா ஐஸ் ஈரத்தில் அழியும், பென்சிலால் எழுதுங்கள்.